திருட்டுப் பணத்தைத் துரத்தும் கதை: சின்ன பட்ஜெட்டில் படமெடுக்க முழு வழிகாட்டி

மூன்று சின்னப் படங்களில் வேலை பார்த்திருக்கிறேன். இரண்டில் உதவி இயக்குநர், ஒன்றில் இணை இயக்குநர். மூன்றிலும் ஒரு பை நிறையத் திருட்டுப் பணம், அதன் பின்னால் ஓடும் நாலைந்து பேர். அதனாலோ என்னவோ, இதே மாதிரிக் கதையோடு புதியவர்கள் பலர் என்னிடம் ஸ்கிரிப்ட் நீட்டுவார்கள். நான் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து, "இந்தக் காட்சி நடக்கும்போது பை எங்கே இருக்கு?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. பக்கங்களைப் புரட்டுவார்கள்.

கீழே உள்ள படிகள் அந்தக் கேள்வியிலிருந்தே கிளம்புகின்றன. வரிசையை மாற்றாதீர்கள். முந்தின படியின் விடை இல்லாமல் அடுத்த படியில் செலவு செய்தால் அந்தச் செலவு வீண்.

ஆரம்பிக்கும் முன் மூன்று விஷயங்கள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, நீங்கள் நினைத்தபோது போய் நிற்கக்கூடிய இரண்டு மூன்று இடங்கள். இரண்டாவது, முப்பது நாள் ஒத்திகைக்கு வரத் தயாராக இருக்கும் நடிகர்கள். மூன்றாவது, படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளுக்குத் தனியாக எடுத்து வைத்த பணம். கேமரா இந்தப் பட்டியலில் இல்லை. அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

1. தொகையை முடிவு செய்து, எடை போடுங்கள்

புதியவர்கள் எடுத்தவுடன் ஐந்து கோடி, பத்து கோடி என்று எழுதிவிடுகிறார்கள். எழுதுவதற்குச் செலவில்லைதான். ஆனால் அதை ஒருவன் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமே!

இப்போதைய 500 ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர் நீளம், 66 மில்லிமீட்டர் அகலம். எடை ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். நூறு நோட்டு ஒரு கட்டு, அதாவது 50,000 ரூபாய். ஐந்து கோடி என்றால் ஒரு லட்சம் நோட்டு, ஆயிரம் கட்டு, நூறு கிலோவுக்கு மேல். நாயகன் அதை ஒரே தோள்பையில் போட்டுக்கொண்டு மொட்டை மாடி தாவினால் தியேட்டரில் சிரிப்பார்கள்.

நாற்பது லட்சத்தைப் பாருங்கள். 8,000 நோட்டு, 80 கட்டு, ஒன்பது பத்து கிலோ. பள்ளிக்கூடப் பையில் அடங்கும். அரிசி டிரம்மில் புதைக்கலாம், ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்து ஓட்டலாம், ஒரு பையனே தூக்கலாம். அதோடு, கடனில் இருக்கும் ஒரு டிரைவர் நாற்பது லட்சத்துக்காக என்ன வேண்டுமானாலும் செய்வான் என்பதைப் பார்க்கிறவர் உடனே நம்புவார். ஐந்து கோடிக்கு ஆசைப்படுகிறவனைப் புரியவைக்க உங்களுக்கு இன்னும் நாலு காட்சி தேவைப்படும்.

கதை எந்த வருடத்தில் நடக்கிறது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 2016 நவம்பர் 8 இரவோடு பழைய 500, 1000 நோட்டுகள் போய்விட்டன. 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது 2023 மே 19 அன்று. கதை 2019இல் நடந்தால் நாற்பது லட்சம் வெறும் இருபது கட்டுதான், ஒரு டிபன் பையே போதும். கதை இன்று நடந்தால் அதே தொகைக்கு நாலு மடங்கு கட்டுகள். பையின் அளவு மாறினால் ஒளித்து வைக்கும் இடம் மாறும், இடம் மாறினால் காட்சியும் மாறும்.

2. பணத்தின் சொந்தக்காரர் ஏன் போலீசுக்குப் போகவில்லை?

இதற்கு ஒரே வரியில் பதில் எழுதுங்கள். முடியவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். முழுப் படமும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. புகார் கொடுத்தால் தீரும் பிரச்சினைக்கு யாரும் இரண்டு மணி நேரம் ஓடமாட்டார்கள்.

நம் ஊரில் இதற்குப் பதில் தேடி அலைய வேண்டியதில்லை. நிலப் பத்திரத்தில் காட்டாமல் கைமாறிய பகுதி, பதிவு செய்யாத ஏலச்சீட்டுப் பணம், குருவிகள் எனப்படும் கடத்தல் ஆட்கள் மூலம் வரும் ஹவாலாப் பணம், தேர்தல் நேரத்துப் பணம். எனக்குப் பிடித்தது கடைசிதான். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களில் ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால் பறக்கும் படை பறிமுதல் செய்யும். ஆக, பணம் வைத்திருப்பவனுக்குச் சாலையே எதிரி. கெடுவும் தானாக வந்துவிடுகிறது, வாக்குப்பதிவு நாள். வில்லன் கடிகாரத்தைக் காட்டி மிரட்டும் வசனம் ஒன்றுகூட எழுத வேண்டாம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தேர்தலுக்கு ஆறு நாள் முன்பு, கரூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு ஒரு ஆம்னி வேனில் நாற்பது லட்சம் போகிறது. அரவக்குறிச்சி தாண்டியதும் டிரைவருக்கு மனசு மாறுகிறது. வேடசந்தூர் பக்கம் வேனை விட்டுவிட்டுப் பையோடு காணாமல் போகிறான்.

3. பையின் கணக்கு எழுதுங்கள்

வசனம் எழுதும் முன், ஒன்லைன் ஆர்டர் (காட்சிக்கு ஒரு வரி என்ற பட்டியல்) போடும் முன், ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஐந்து விவரம்: பை எங்கே, யார் கையில், அது அங்கே இருப்பது யாருக்கெல்லாம் தெரியும், உள்ளே மீதி எவ்வளவு, பையின் நிலை என்ன. நம் கதையில் இப்படி வரும்:

காட்சி 12. லாட்ஜ் அறை, கட்டிலுக்கு அடியில். டிரைவர் கையில். தெரிந்தவர்: டிரைவர் மட்டும். மீதி 40,00,000. பை புதுசு.

காட்சி 19. அக்கா வீடு, அரிசி டிரம். யார் கையிலும் இல்லை. தெரிந்தவர்: டிரைவர், அக்கா மகன். மீதி 39,50,000. ஒரு வார் அறுந்திருக்கிறது.

காட்சி 27. அதே டிரம், காலி. பை அக்கா கையில். தெரிந்தவர்: அக்கா மட்டும். டிரைவர் இன்னும் டிரம்மில் இருப்பதாகவே நினைக்கிறான். மீதி 39,50,000. பையில் அரிசி மாவு ஒட்டியிருக்கிறது.

12க்கும் 19க்கும் நடுவில் ஒரு கட்டு குறைந்திருப்பதைக் கவனித்தீர்களா? அக்கா மகன் எடுத்துவிட்டான். புது போன் வாங்குவான். அந்தப் போனை வைத்துத்தான் துரத்துகிறவர்கள் வீட்டைக் கண்டுபிடிப்பார்கள். கணக்கு எழுத உட்கார்ந்ததால் கிடைத்த திருப்பம் இது. யோசித்து யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொண்டால் வராது.

ஐந்து விவரங்களில் மிக முக்கியமானது மூன்றாவது. துரத்தல் கதையில் விறுவிறுப்பு வருவது யாருக்கு என்ன தெரியும் என்பதிலிருந்து. ஓட்டத்தின் வேகத்துக்கு அதில் பங்கு குறைவு. காட்சி 27க்குப் பிறகு டிரைவர் நிம்மதியாக டீ குடித்தால்கூடப் பார்க்கிறவருக்கு வயிற்றைப் பிசையும். அந்தக் காட்சிக்கு என்ன செலவு? ஒரு டீக்கடை, ஒரு நடிகர்.

இங்கே நடக்கும் தவறு: கணக்கில் ஒரே நிலை தொடர்ந்து நாலு வரி மாறாமல் இருக்கும். அந்த நாலு காட்சியில் மூன்று தேவையில்லாதவை. காதல் காட்சியாக இருந்தாலும், நண்பர் உங்களுக்காக ஆசையாக எழுதித் தந்த நகைச்சுவையாக இருந்தாலும் அடித்துவிடுங்கள். இப்போது அடித்தால் மைச் செலவு மட்டும்தான். எடிட்டில் அடித்தால் ஒரு நாள் கால்ஷீட் போச்சு.

4. இடங்களைப் பார்த்துவிட்டு ஸ்கிரிப்டை முடியுங்கள்

பெரிய படங்களில் ஸ்கிரிப்டை முடித்துவிட்டு லொகேஷன் பார்ப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்ய முடியாது. பைக் கணக்கு ஒரு கையில், ஊர் ஊராகச் சுற்றிய அனுபவம் இன்னொரு கையில் வைத்துக்கொண்டு, நடைமுறையில் கிடைக்கும் இடங்களுக்குக் கதையை இறக்குங்கள்.

மொத்தம் ஏழெட்டு இடங்களுக்குள் அடக்கப் பாருங்கள். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏற்றி, இறக்கி, மறுபடி லைட் கட்ட மூன்று மணி நேரம் போகும். ஒன்பதிலிருந்து ஆறு வரையிலான கால்ஷீட்டில் மூன்று மணி நேரம் என்பது மூன்றில் ஒரு பங்கு.

இடத்தைப் பார்க்கப் போகும்போது, காட்சி நடக்கும் அதே நேரத்துக்குப் போங்கள். ஒரு படத்தில் அருமையான ஓட்டு வீடு ஒன்றைக் காலை பதினோரு மணிக்குப் பார்த்து முடிவு செய்தோம். காட்சி ராத்திரி. படப்பிடிப்பு அன்றுதான் பின்பக்கம் ஒரு மாவு மில் இருப்பதும், அது ஏழு மணிக்கு மேல்தான் ஓடும் என்பதும் தெரிந்தது. மில்காரருக்கு அன்றைய வருமானத்தைக் கொடுத்து நிறுத்தினோம்.

கழிப்பறை, பெண் நடிகர்கள் உடை மாற்ற அறை, ஜெனரேட்டர் நிறுத்த இடம், பக்கத்தில் சாப்பாடு. இந்த நாலும் இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இடங்கள் உறுதியான பிறகு முழு ஸ்கிரிப்டை எழுதி, சத்தமாக வாசித்து, நேரம் பாருங்கள். வசனக் காட்சிகள் பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் வரும். ஓட்டமும் தேடலும் உள்ள பக்கங்கள் அதைவிட நீளும், ஆகவே அவற்றை நடித்துப் பார்த்து அளக்க வேண்டும். நூறு, நூற்றுப்பத்து நிமிடம் போதும். இடைவேளையை, பை எங்கே என்ற ரகசியம் கைமாறும் இடத்தில் வையுங்கள். நம் கதையில் காலி டிரம்.

5. பட்ஜெட் தாள்: பின்னாலிருந்து எழுதுங்கள்

எல்லோரும் கேமரா வாடகையில் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் கடைசி வரியில் ஆரம்பியுங்கள். எடிட், டப்பிங், எஃபெக்ட்ஸ் (சத்தங்கள் சேர்ப்பது), ஆர்.ஆர். (பின்னணி இசை), டி.ஐ. (நிறம் சரிசெய்வது), மிக்சிங், டி.சி.பி. (தியேட்டருக்குக் கொடுக்கும் டிஜிட்டல் பிரதி), தணிக்கைக் கட்டணம். இவற்றுக்கு விலை விசாரித்து, அந்தத் தொகையைத் தொடமுடியாத வேறு வங்கிக் கணக்கில் போடுங்கள். பாதியில் நின்ற படங்களை விசாரித்தால் பலவற்றில் படப்பிடிப்பு முடிந்திருக்கும், ஹார்டு டிஸ்க் ஒரு பீரோவில் இருக்கும்.

அடுத்து சாப்பாடும் போக்குவரத்தும். 25 பேர், 18 நாள் என்றால் 450 ஆள்நாள். ஒரு ஆளுக்கு மூன்று வேளையும் டீயும் சேர்த்து 350 ரூபாய் என்று வைத்தால் 1,57,500. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். சம்பளம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளும் யூனிட், சாப்பாடு தாமதமானால் பொறுக்காது, அது நியாயமும்கூட. அப்புறம் பேட்டா (தினப்படி), இடவாடகை, லைட், கேமரா. எல்லாவற்றுக்கும் பிறகு இரண்டு நாள் பேட்ச் ஒர்க்குக்கான (விடுபட்ட ஷாட்களைப் பிறகு எடுப்பதற்கான) பணத்தை ஒதுக்குங்கள். தேவைப்படாது என்று நினைப்பீர்கள். தேவைப்படும்.

6. பணக்கட்டு தயாரிப்பது

இந்தப் படியில்தான் புதியவர்கள் சட்டச் சிக்கலில் மாட்டுகிறார்கள். கலர் பிரிண்ட் எடுத்தால் ஆயிற்று என்று நினைப்பார்கள். ஆகாது. நிஜ நோட்டைப் போலத் தோற்றமளிக்கும் தாளை அச்சிடுவதே இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 182ஆவது பிரிவில் குற்றம். ஏமாற்றும் எண்ணம் இருந்தால் விஷயம் கள்ள நோட்டுப் பிரிவுக்கே போய்விடும். அச்சகத்துக்காரருக்கும் சேர்த்து வம்பு. அதனால் அச்சடிக்காதீர்கள். சொந்த நோட்டைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டே வேலையை முடிக்கலாம்.

வெள்ளைத் தாள் வாங்குங்கள். ஒரு ஏ4 தாளில் 150க்கு 66 அளவில் நாலு துண்டு கிடைக்கும். 80 கட்டுக்கு 8,000 துண்டு, அதாவது 2,000 தாள், நாலு ரீம். கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் பிசிறும், கேமராவில் தெரியும். ஏதாவது ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மெஷினில் கொடுத்தால் அரை மணி நேர வேலை.

வெட்டிய கட்டின் ஓரம் பளீரென்று வெள்ளையாக இருக்கும். கைபட்ட நோட்டின் ஓரம் மங்கிய சாம்பல். கட்டைக் கயிற்றால் இறுக்கிப் பிடித்து, நீர்த்த டிகாஷனில் கொஞ்சம் கறுப்பு மை கலந்து, ஓரத்தில் மட்டும் ஸ்பாஞ்சால் ஒற்றி வெயிலில் காயவையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் டி.ஐ.யில் ஒவ்வொரு ஷாட்டாகச் சரிசெய்து காசு கொடுப்பீர்கள்.

மேலே ஒரு நிஜ 500 ரூபாய் நோட்டு. எத்தனை கட்டுக்கு? திறந்த பள்ளிப் பைக்குள் கேமராவுக்குத் தெரிவது நாலிலிருந்து ஆறு கட்டு. ஆறு நோட்டு, 3,000 ரூபாய். எண்பது கட்டையும் தரையில் பரப்பினால் எண்பது நோட்டு, 40,000 ரூபாய். அதே எண்பதைப் பத்துப் பத்தாக எட்டு அடுக்காக நிறுத்தினால் உச்சியில் எட்டு நோட்டு போதும், 4,000 ரூபாய். அதனால் 'பரப்பி வைத்துப் பார்க்கிறான்' என்று ஸ்கிரிப்டில் இருந்தால் 'அடுக்கி வைத்துப் பார்க்கிறான்' என்று மாற்றிவிடுங்கள். கட்டை வீசும் ஷாட்டில் மட்டும் இரண்டு பக்கமும் நோட்டு வேண்டும்.

விரலால் சரசரவென்று நோட்டை ஓட்டும் குளோசப் ஒன்று வேண்டும் என்று எல்லா இயக்குநரும் கேட்பார்கள். அதற்கு நூறு நிஜ நோட்டு உள்ள ஒரே கட்டைத் தயாரிப்பாளரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, அந்த மாதிரி எல்லா ஷாட்டையும் ஒரே மதியத்தில் எடுத்து, சாயங்காலம் எண்ணித் திருப்பிக் கொடுங்கள். அன்று செட்டில் வேறு வேலை வைக்காதீர்கள்.

கட்டைச் சுற்றும் பட்டையும் கதை சொல்லும். வங்கியிலிருந்து வந்த பணம் என்றால் முத்திரை குத்திய காகிதப் பட்டை. பல கை மாறி வந்தது என்றால் ரப்பர் பேண்ட், அதுவும் நிறம் நிறமாக. பட்டையில் நிஜ வங்கியின் பெயரைப் போடாதீர்கள்.

கடைசியாக எடை. வெள்ளைத் தாள் கட்டுகள் மொத்தம் ஆறு கிலோ சொச்சம்தான் வரும், நிஜத்தைவிட மூன்று கிலோ குறைவு. பைக்கு அடியில் மூன்று கிலோ அரிசி மூட்டை வையுங்கள். காலிப் பையைக் கனமாக நடித்துக் காட்ட நல்ல நடிகராலும் முடியாது. தோள்பட்டை பொய் சொல்லிவிடும்.

ஒரே மாதிரிப் பை மூன்று வாங்குங்கள்: புதுசாக ஒன்று, வார் அறுந்தது ஒன்று, அழுக்கானது ஒன்று. படப்பிடிப்பு நடுவில் போய்த் தேடினால் அதே நிறம் கிடைக்காது.

7. அனுமதி

தனியார் இடமென்றால் உரிமையாளரிடம் தேதி, நேரம், வாடகை, சேதத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதிய கடிதம். பொதுச் சாலை என்றால் காவல் துறையும் உள்ளாட்சி அமைப்பும். ரயில் நிலையத்துக்கு ரயில்வேயின் தனி அனுமதியும் கட்டணமும் உண்டு. சின்ன பட்ஜெட்டில் ரயில் நிலையக் காட்சியைப் பேருந்து நிறுத்தமாக மாற்றுவதே புத்திசாலித்தனம். டிரோன் பறக்கவிட வேண்டுமென்றால் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதியா) என்று முதலில் பாருங்கள்.

கோழி, ஆடு, மாடு எதுவாக இருந்தாலும் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்க வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் தணிக்கையில் நிற்கிறார்கள். வாசலில் கட்டிய ஆட்டை ஃபிரேமிலிருந்து நகர்த்திக் கட்டுவது எல்லாவற்றையும்விட எளிது.

கடைத்தெருவில் இரண்டு பேர் பையோடு ஓடுவதை ஒளிந்திருந்து எடுக்கலாம் என்று ஒருமுறை முயன்றோம். எதிரே வந்த பழ வண்டிக்காரர் எங்கள் நடிகரை நிஜத் திருடன் என்று நினைத்து மடக்கிப் பிடித்து, இரண்டு அறையும் விட்டார். நல்ல மனிதர், அவர் மேல் தப்பே இல்லை. அன்றிலிருந்து தெருவின் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தி, கடைக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் ஷாட் வைப்பதில்லை. பொம்மைத் துப்பாக்கியும் போலீஸ் உடுப்பும் ஷாட் முடிந்த அடுத்த நிமிடம் துணியால் மூடப்பட வேண்டும்.

தேர்தல் நாட்களில் கட்டுகளை வண்டியில் கொண்டுபோகாதீர்கள். ஒரு சோதனைச் சாவடியில் எண்பது கட்டையும் பிரித்துக் காட்டிய ராத்திரியை நான் மறக்கவில்லை.

8. ஒத்திகையும் ஷெட்யூலும்

ஒத்திகையை இடத்திலேயே வையுங்கள். போனில் ஒளிப்பதிவு செய்து, அதையே ஷாட் டிவிஷனாக (காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரித்த திட்டமாக) வைத்துக்கொள்ளுங்கள். நடிகர்களுக்கு முழு ஸ்கிரிப்டையும் கொடுப்பதா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நான் கொடுப்பேன், ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் முன் அவரவர் பாத்திரத்துக்குப் பையைப் பற்றி என்ன தெரியும் என்று காதில் சொல்வேன். டிரைவராக நடிப்பவருக்கு டிரம் காலி என்று தெரியும், டிரைவருக்குத் தெரியாது. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஷெட்யூல் போடும்போது ஒரே இடத்தின் காட்சிகளைச் சேர்த்து எடுப்பீர்கள். 19, 27, 41 மூன்றும் அக்கா வீட்டில் ஒரே நாளில். அப்போது பைக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் ஒரு உதவி இயக்குநர் வேண்டும். அவருக்கு வேறு வேலையே கொடுக்காதீர்கள். எந்தப் பை, எத்தனை கட்டு, வார் எந்தத் தோளில், டிரைவரின் தாடி எத்தனை நாள் வளர்ந்தது. ஒவ்வொரு ஷாட் முடிவிலும் போனில் ஒரு படம். ஒரு படத்தில் பை வலது தோளில் வீட்டுக்குள் நுழைந்து இடது தோளில் வெளியே வந்தது. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றோம். முதல் பிரிவியூவில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி கவனித்தார்.

கடினமான காட்சியை முதல் நாள் வைக்காதீர்கள், கடைசி நாளும் வைக்காதீர்கள். முதல் நாள் யூனிட் பழகியிருக்காது, கடைசி நாள் பூசணிக்காய் உடைக்கும் நினைப்பிலேயே எல்லோரும் இருப்பார்கள். நான்காம் ஐந்தாம் நாள் சரி.

9. படப்பிடிப்பு

இரவுக் காட்சிகள்தான் உங்கள் பணத்தைத் தின்னும். பாதியைச் சூரியன் மறைந்த பிறகான இருபது நிமிட நீல வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். அதற்கு மதியமே ஒத்திகை முடிந்திருக்க வேண்டும், இரண்டு மூன்று ஷாட்டுக்கு மேல் கிடைக்காது. மீதியை டீக்கடை டியூப்லைட், பெட்ரோல் பங்க், வண்டி ஹெட்லைட் என்று ஏற்கனவே வெளிச்சம் இருக்கும் இடங்களில் வையுங்கள்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டரை (ஒரு ஃபிரேமில் வெளிச்சம் விழும் நேரத்தை) 1/50 விநாடியில், கோணக் கணக்கில் 172.8 டிகிரியில் வையுங்கள். 180 டிகிரியில் விட்டால் சில டியூப்லைட்டுகளின் வெளிச்சம் மெல்லத் துடிக்கும். சின்ன மானிட்டரில் தெரியாது, பெரிய திரையில் கண்ணைக் குத்தும்.

கார் துரத்தல் வேண்டாம். அதைப் பாதுகாப்பாக எடுக்கும் செலவு உங்களிடம் இல்லை, பாதுகாப்பில்லாமல் எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. துரத்துகிறவன் ஐந்து நிமிடம் தாமதமாக வரும் காட்சியை எடுங்கள். ஆறாத டீ, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் மின்விசிறி, ஈரம் காயாத செருப்புத் தடம். கால் ஓட்டம் கட்டாயம் வேண்டுமென்றால் சந்துகளில் எடுங்கள். நடிகரோடு ஓடும் கேமராமேனுக்கு முன்னால் ஓடிப் பாதை காட்ட ஒரு ஆள், பின்னால் இடுப்பைப் பிடிக்க ஒரு ஆள்.

டப்பிங் செய்யப் போகிறீர்கள் என்றாலும் பைலட் டிராக்கை (படப்பிடிப்பிலேயே பதியும் ஒலியை) நன்றாகப் பதிவு செய்யுங்கள். நடிகர் அந்த இடத்தில் இழுத்த மூச்சு டப்பிங் அறையில் வராது. கட்டு விழும் சத்தம், ஜிப் திறக்கும் சத்தம், அரிசிக்குள் கை போகும் சத்தம், இவற்றை மதிய உணவு நேரத்தில் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாள் முடிவிலும் இரண்டு ஹார்டு டிஸ்கில் காப்பி, இரண்டும் இரண்டு பேர் வீட்டில். சரிபார்க்காமல் கார்டை அழிக்காதீர்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

10. எடிட்

முதல் அசெம்பிளியை (காட்சிகளை வரிசையாக ஒட்டிய பிரதியை) பார்த்துவிட்டு எல்லோரும் சோர்ந்துபோவார்கள். அது வழக்கம்தான். இரண்டு நாள் விட்டுவிட்டு, பைக் கணக்கை மேசையில் விரித்து, எடிட்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: கதை தெரியாத ஒருவர் இந்த ஷாட்டில் பை எங்கே என்று சொல்வாரா? சொல்லமுடியாத இடங்களைக் குறியுங்கள். அங்கெல்லாம் ஒரு நொடி பையைக் காட்டும் ஷாட் போதும். பேட்ச் ஒர்க்குக்கு ஒதுக்கிய இரண்டு நாள் இதற்குத்தான். பை, கை, டிரம், வார். நடிகர்கள்கூடத் தேவையில்லை, அதே சட்டை போட்ட உதவி இயக்குநரின் கை போதும்.

வேகம் போதவில்லை என்று ஆர்.ஆர்.ஐ ஏற்றச் சொல்வார்கள். ஏற்றும் முன், கணக்கில் மாறாத வரிகள் எடிட்டில் மிச்சம் இருக்கின்றனவா என்று பாருங்கள். என் அனுபவத்தில் தொய்வு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வேண்டியதைவிட ஐந்து நிமிடம் குறைவாக இருக்கும் படத்தைப் பற்றி யாரும் புகார் சொல்லி நான் கேட்டதில்லை.

11. தணிக்கை

படத்தின் பெயரை ஆரம்பத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். போஸ்டர் அடித்த பிறகு அந்தப் பெயர் வேறொருவரிடம் இருப்பது தெரிந்தால் செலவு இரட்டிப்பு.

தணிக்கை விண்ணப்பம் இ-சினிபிரமாண் தளத்தில். சென்னை மண்டல அலுவலகம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. 2024 விதிகளின்படி யு/ஏ இப்போது 7, 13, 16 என்று மூன்று வயதுப் பிரிவாக வருகிறது. ஏ சான்றிதழ் படத்தைத் தொலைக்காட்சிக்கு விற்பது கஷ்டம். ஆகவே ரத்தமும் கெட்ட வார்த்தையும் எவ்வளவு என்பதை ஸ்கிரிப்ட் நிலையிலேயே தயாரிப்பாளரோடு பேசி முடியுங்கள். திரையில் யாராவது சிகரெட் பிடித்தால் அந்த ஷாட்டில் எச்சரிக்கை வாசகம் வேண்டும், படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடி விழிப்புணர்வுப் படம் வேண்டும். டிரைவர் கையில் டீயைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

காட்டிய செல்போன் எண்கள், வண்டி எண்கள் யாருடைய நிஜ எண்ணாகவும் இருக்கக்கூடாது. எழுதிக் கொடுக்கும் வசனப் பிரதி முடிந்த படத்தோடு வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போக வேண்டும். டப்பிங்கில் நடிகர் சேர்த்த ஒரு வரி அதில் இல்லாமல் போவது வழக்கமான தவறு. சான்றிதழ் வாங்கிய பிறகு ஒரு ஷாட்டை வெட்டினாலும் சேர்த்தாலும் மறுபடி வாரியத்தின் ஒப்புதலுக்குப் போக வேண்டும். அதனால் விண்ணப்பத்துக்கு முந்தின நாள், யாராவது இரண்டு பேர் பைக் கணக்கை மடியில் வைத்துக்கொண்டு படத்தை ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒருவர் இயக்குநராக இருக்க வேண்டாம்.